விடியும்வரை சனிக்கிழமைதான்

ஜீயபுரம்,
16-3-2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் ஜோதி எழுதுவது. நானும் அத்தையும் சுகம். பாசில் அண்ணன் நாளை மஸ்கட் திரும்புகிறார். அவரிடம் நார்த்தங்காய் ஊறுகாயோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன். இன்னும் இரண்டு வருடத்துக்கு வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப்போவதாக நீங்கள் சொன்னபோது சரி என்றேனே, அது பொய்.

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். நவல்பட்டில் ஒரு கம்பெனியில் எனக்குப் புரோகிராமர் வேலை கிடைத்துவிட்டது. எம்.சி.ஏ. தேர்வு முடிந்ததும் ஜூனில் சேர வேண்டும்.

கிடைத்த கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். நம் பொதுக் கிணற்றில் தண்ணீர் முறை வந்தவர் போனில் மணி அடிப்பதற்கு ஒரு புரோகிராம் எழுதினேன். கல்லூரி புராஜெக்டும் அதுதான். பிச்சமுத்து பெரியப்பா தன் முறை சனிக்கிழமை ராத்திரி மூன்று மணி என்றார். அப்படியே போட்டுவிட்டேன். கம்ப்யூட்டருக்குத்தான் பன்னிரண்டு மணிக்கே கிழமை மாறிவிடுகிறதே, ஒரு நாள் முன்னதாக, வெள்ளிக்கிழமை ராத்திரியே அடித்துவிட்டது. அவரும் எழுந்து போய், வேலம்மாள் அக்கா வயலுக்குப் பாய்ந்த தண்ணீரைத் தன் வாழைக்குத் திருப்பிவிட்டார்.

காலையில் இரண்டு பேரும் நம் வாசலில் நின்றார்கள். "விடியாம எப்படிம்மா கிழமை மாறும்?" என்று பெரியப்பா கேட்டார். காலை ஆறு மணிக்குக் கிழமை மாறுகிற மாதிரி அன்றைக்கே திருத்தினேன். அக்கா நான்கு நாள் என்னோடு பேசவில்லை.

இன்டர்வியூவில், நீங்கள் செய்த தப்பு ஒன்றைச் சொல்லுங்கள் என்றார்கள். இதைத்தான் சொன்னேன். சிரித்துவிட்டு, எப்படித் திருத்தினீர்கள் என்று அரை மணி நேரம் குடைந்தார்கள்.

சேதி தெரிந்ததும் அத்தை பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போய் சாமி கும்பிட்டு வந்தார். வழியில் கண்டக்டரிடம்கூடச் சொல்லியிருக்கிறார். "நீ ஆபீஸ் போனா எனக்கு யாரு காபி போடுவா" என்று என்னிடம் மட்டும் சலித்துக்கொள்கிறார்.

மாமா, என் சம்பளம் உங்களுடையதில் பாதிகூட வராது. ஆனாலும் இரண்டு பேரும் இங்கேயே சம்பாதித்தால் போதும். கல்யாணத்துக்குப் பிறகும் என்னைப் படிக்க வைக்கத்தான் நீங்கள் போனீர்கள். என் படிப்பும் முடியப்போகிறது. நான் சம்பாதிக்க ஆரம்பிக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வெயிலில் அலையாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளைக் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு வாங்க.

இப்படிக்கு,
உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
ஜோதி