சம்மந்தியோடு ஒரு ஒப்பராப் பயணம்

ஜூன் 12, வியாழன். பிளேஸ்டோ, லண்டன்

காலையிலேயே வெக்கை. ஜன்னல் எல்லாம் திறந்தும் காத்து இல்லை. சூட்கேஸ் பாதி அடுக்கினபடி, மிச்சம் கட்டிலில.

மகள் அபியும் மருமகன் தர்சனும் தங்களுக்கெண்டு புக் பண்ணின பயணம் இது. ஹாம்பர்க், லூபெக், கோபன்ஹேகன். பகலில ஊர் பாக்கிறது, பின்னேரம் ஒப்பரா, அதுதான் அந்த வெள்ளைக்காரற்றை பாட்டு நாடகம். இப்ப அபிக்கு ஏழாம் மாதம், பிறஷர் கொஞ்சம் கூட. டொக்டர் போகவேண்டாம் எண்டிட்டா. டிக்கற்றைத் திருப்பிக் குடுக்க ஏலாது, பெயர் மாத்தலாமாம். மருமகனுக்கு உதிச்ச யோசனை: "இரண்டு அம்மாமாரும் போகட்டும்."

இவரிட்டைக் கேட்டன். "போட்டு வாரும், நான் சமாளிப்பன்" எண்டார். முகத்தில ஒரு கவலையும் இல்லை. கிரிக்கெட் தொடங்குது.

தர்சன்ரை அம்மாவை நினைக்கத்தான் தலையிடி. (இனி த.அ. எண்டு எழுதுறன், கை நோகுது.) வெஸ்ட் ஈலிங்கில தனிய இருக்கிறா. முந்திக் கனகாலம் டென்மார்க். மனுசன் செத்தாப்பிறகு மகனையும் கூட்டிக்கொண்டு லண்டன் வந்தவ. பிள்ளையள் கலியாணம் முடிச்சு ஆறு வருசம். அதுக்குள்ள அவ என்னோட கதைச்சதை எழுதினால் இந்தப் பக்கம் நிரம்பாது. ஃபோன் எடுக்கமாட்டா, மெசேஜ் மட்டும். கலியாண மண்டபத்தில எல்லாருக்கும் முன்னால "சாப்பிட்டீங்களோ" எண்டு கேட்டனான். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனா. பெருமை பிடிச்ச மனிசி.

அபியிட்டைச் சொன்னன், அவவோட ஒரே அறையில ஒரு கிழமை இருக்க ஏலாதெண்டு.
"அம்மா, ப்ளீஸ். உங்கட பேரப்பிள்ளைக்காக."
பிள்ளை பிறக்க முதலே அதைக் காட்டி வேலை வாங்கத் தொடங்கியாச்சு.

கொண்டுபோக: குடை, பிறஷர் குளிசை, நல்ல சீலை ஒண்டு (ஒப்பராவுக்குச் சீலை சரியோ?), சுவெட்டர், மிக்சர், ஊறுகாய் சின்னப் போத்தல்.

ஜூன் 14, சனி. ஹாம்பர்க்

தூறல். தண்ணிக்கு நடுவில செங்கல் கட்டடங்கள், அதுக்குள்ளால படகு. நல்ல வடிவு. குழுவில எல்லாம் பென்சன் எடுத்த வெள்ளைக்காரர். கைடு ஒரு ஜெர்மன்காரி, சரியான உயரம், சிவப்புக் குடையைத் தூக்கிக்கொண்டு முன்னால நடக்கிறா. நாங்கள் தாராக் குஞ்சுகள் மாதிரிப் பின்னால.

அவ சொல்லுறது கேக்கிறதுக்கு எல்லாருக்கும் காதில கொழுவுற சின்னச் சாமான் ஒண்டு தந்தவ. த.அ. அதை அப்பிடியே கைப்பைக்குள்ள போட்டிட்டா. எங்களிட்டை மட்டுமில்லை, கைடிட்டையும் பெருமை.

காலமை எழும்பி "நித்திரை கொண்டீங்களோ" எண்டன். பதில் இல்லை. டிவியை மட்டும் பக்கத்து அறைக்கும் கேக்கிற மாதிரி வைக்கிறா.

ஆனா தேத்தண்ணி போட்டுத் தந்தவ. நான் கேக்காமலே. நல்ல சாயம்.

பின்னேரம் ஒப்பரா. என்ர வாழ்க்கையில முதல் தரம். கதை ஒண்டும் விளங்கேல்லை. ஒரு பெரிய உடம்புக்காரி கட்டிலில கிடந்து சாகிறா, சாகச் சாகப் பாடுறா, சாகிற ஆளுக்கு இவ்வளவு மூச்சோ. இரண்டாம் பாதியில நான் நித்திரை. கைதட்டலுக்கு முழிச்சுப் பாத்தால், த.அ. முன்னுக்குச் சாஞ்சு, கண்ணை மூடி, இரண்டு கன்னத்திலும் தண்ணி.

திரும்பி வரேக்க கோச் பஸ்ஸில "பிடிச்சதோ?" எண்டன். ஜன்னலைப் பாத்தபடி இருந்தா. சரி, விடு.

ஜூன் 15, ஞாயிறு. லூபெக்

வெயில். ஊர் வாசலில இரட்டைக் கோபுரம், இரண்டும் ஒண்டோட ஒண்டு கதைக்கிற மாதிரிச் சாஞ்சு நிக்குது. எத்தனையோ நூறு வருசமாம். நாங்கள் விழப்போகுது எண்டு பயந்து நிக்க, அது பாட்டில நிக்குது.

தெரு முழுக்க பாதாம் இனிப்புக் கடை. உருளைக்கிழங்கு மாதிரி, பண்டி மாதிரி, கரட் மாதிரிச் செய்து அடுக்கி வைச்சிருக்கினம். நான் பாத்துக்கொண்டு நிக்க, த.அ. ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு வந்தா.
"உங்கட அவருக்கு. இனிப்பு விருப்பமெண்டு அபி சொன்னவ."
"அவருக்குச் சுகர்" எண்டு சொல்ல வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிப்போட்டன்.

இவர் மெசேஜ்: மிளகாய்த்தூள் எங்கை? முப்பது வருசமா ஒரே தட்டிலதான் இருக்கு.

ஜூன் 17, செவ்வாய். கோபன்ஹேகன்

காத்தும் வெயிலும். முழங்கால் சிராய்ப்பு, பிளாஸ்டர் போட்டிருக்கு. எல்லாத்தையும் எழுதவேணும்.

மதியம் எங்களைச் சும்மா திரிய விட்டவை. கால்வாய்க் கரை, மஞ்சளும் சிவப்புமா வீடுகள். இஞ்சை சைக்கிளுக்கெண்டு தனிப் பாதை, அதில சைக்கிள் பறக்குது. த.அ. எனக்கு முன்னால நடந்தா. வீட்டுக்கூரையைப் பாத்துக்கொண்டே அந்தப் பாதைக்குள்ள இறங்கினா. பின்னால ஒரு சைக்கிள், மணி அடிச்சு அடிச்சு வருது. "பாருங்கோ, சைக்கிள்" எண்டு கத்தினன். தெருவில எல்லாரும் திரும்பிச்சினம். அவ திரும்பேல்லை.

ஓடிப்போய் அவவின்ர கோட்டைப் பிடிச்சு இழுத்தன். இரண்டு பேரும் நடைபாதையில விழுந்தம். சைக்கிள் உரசிக்கொண்டு போய் நிண்டுது. ஓட்டி வந்த பெண் இறங்கி வந்து ஏதோ கேட்டா, த.அ. டேனிஷில பதில் சொல்லி அனுப்பினா.

கரையில போட்டிருந்த வாங்கில போய் இருந்தம். அவவின்ர முகம் வெள்ளையாப் போச்சு.
"மணி கேக்கேல்லையோ?" எண்டன்.
என்ர வாயையே பாத்தா. அப்பத்தான் எனக்குப் பிடிபட்டுது. அவ எப்பவும் என்ர கண்ணைப் பாக்கிறேல்லை, வாயைத்தான்.
"இடது காது அறவே இல்லை" எண்டா. "வலதில கொஞ்சம். முகம் பாத்துக் கதைச்சால் விளங்கும்."
"எப்ப தொடங்கி?"
"இஞ்சை மீன் ஃபாக்டரியில வேலை செய்யேக்க. மெசின் இரைச்சல். லண்டன் வந்தாப்பிறகு இன்னும் மோசம்."
"தர்சனுக்குத் தெரியுமோ?"
"எனக்கு மறதி எண்டு நினைக்கிறான். அப்பிடியே விட்டிட்டன்."
"ஏன் சொல்லேல்லை?"
"முந்தி வெக்கம். இப்ப பிள்ளை பிறக்கப்போகுது. தொட்டிலில அழுறது எனக்குக் கேக்காதெண்டு தெரிஞ்சால், ஆர் என்னட்டைப் பிள்ளையை விடுவினம்?"

கலியாண மண்டபத்தைப் பற்றிக் கேட்டன்.
"சாப்பிட்டீங்களோ எண்டோ கேட்டனீங்கள்? மேளம் அடிச்சுக்கொண்டிருந்தது. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நீங்கள்தான் என்னோட கோவம் எண்டு நினைச்சனான்."
"நானோ? ஏன்?"
"நான் சிரிக்க, நீங்கள் திருப்பிச் சிரிக்கிறேல்லை."

அது உண்மை. மிக்சர் பைக்கற்றை உடைச்சுக் குடுத்தன். இரண்டு பேரும் அரைவாசிக்கு மேல முடிச்சிட்டம்.

எழும்பேக்க கையைப் பிடிச்சா. "தர்சனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."
"நான் சொல்லமாட்டன். நீங்கள் சொல்லத்தான் வேணும்."
பதில் இல்லை. இந்த முறை நல்லாக் கேட்டது எண்டு எனக்குத் தெரியும்.

ஜூன் 18, புதன். கோபன்ஹேகன்

பகல் முழுக்க மலரக்காவின்ர ஆட்சி. (இனி த.அ. எண்டு எழுத மனம் வரேல்லை.) அவதான் கைடு. கடைக்காரரோட டேனிஷில சிரிச்சுக் கதைக்கிறா. என்னைக் கூட்டிக்கொண்டு போய் வெட்டின கறுப்புப் பாண் துண்டில ஊறின மீன் வைச்சுத் தந்தா. நான் ஊறுகாய்ப் போத்தலைத் திறந்தன். அருமையான பொருத்தம். பக்கத்து மேசைக்காரியும் ஒரு சொட்டு வாங்கிப் பாத்தா, கண்ணில தண்ணி வர "நல்லம்" எண்டாவாம்.

பின்னேரம் பழைய அரண்மனை முற்றத்தில திறந்தவெளி ஒப்பரா. நல்ல சீலையைக் கட்டினன். பாட்டு இத்தாலியன், மேல பலகையில டேனிஷில எழுத்து ஓடுது. குழுவில ஒருத்தருக்கும் விளங்கேல்லை, கைடுக்கும் கூட. மலரக்காவுக்கு மட்டும் எல்லாம் விளங்குது.

அவவின்ர வலப்பக்கத்தில இருந்தன். ஒரு ஆலைக்காரன்ர விதவை, அவளைக் கட்ட இரண்டு பேர் போட்டி. மலரக்கா காதுக்குள்ள சொல்லுறதா நினைச்சுச் சொல்லுறா, ஆனா தன்ர சத்தம் தனக்குத் தெரியாதே. "இந்த மெலிஞ்சவன் பொய் சொல்லுறான்." வரிசை முழுக்கத் திரும்பிப் பாத்தது. "அவள் நம்பப்போறாள், விசரி." பின்னால இருந்த கிழவர் மலரக்காவின்ர தோளில தட்டினார். நான் செத்தன் எண்டு நினைச்சன். அவர் ஏதோ சொல்ல மலரக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறா.
"என்னவாம்?"
"எழுத்து வாசிக்கத் தன்ர கண்ணாடியைக் கொண்டு வரேல்லையாம். டேனிஷிலும் சொல்லட்டாம்."

பிறகு இரண்டு மொழியிலும் நடந்தது.

இடைவேளையில கேட்டன், பாட்டு எப்பிடிக் கேக்குதெண்டு.
"மற்றச் சத்தமெல்லாம் பஞ்சுக்குள்ளால வாற மாதிரி. இது மட்டும் நேர வருது. ஹாம்பர்க்கில அவள் பாடேக்க எனக்கு முழுக்கக் கேட்டது. எவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒரு சத்தம் முழுசாக் கேட்டது தெரியுமோ. அதுதான் அழுகை வந்திட்டுது."

கடைசிக் காட்சியில மழை. ஒருத்தரும் எழும்பேல்லை. மேடையில நனைஞ்சு நனைஞ்சு பாடுறா, நாங்கள் ஒரு குடைக்குள்ள இரண்டு பேர், கிழவரையும் இழுத்து மூண்டு பேர். சீலை முட்ட ஈரம். அந்த விதவை இரண்டு பேரையும் வேண்டாமெண்டிட்டு ஆலையைத் தானே நடத்தப் போறாளாம். மலரக்கா எழும்பி நிண்டு கைதட்டினா. நானும். உள்ளங்கை இன்னும் சிவப்பு.

இவ்வளவு சந்தோசமா எப்ப இருந்தனான்? தெரியேல்லை.

ஜூன் 20, வெள்ளி. லண்டன்

வெக்கை திரும்பவும். தர்சன் எயார்போட்டில இருந்து நேரே தங்கட வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அபி புட்டும் மீன்குழம்பும். இரண்டு அம்மாமாரும் கைகோத்துக்கொண்டு வந்ததைப் பாத்து அவளுக்குச் சந்தேகம்.

சாப்பாட்டு மேசையில மலரக்கா திடீரெண்டு கரண்டியை வைச்சா. "தர்சன், எனக்குக் காது கேக்கிறேல்லை. கனகாலம்."

தர்சன் அசையேல்லை. "நான் எத்தனை தரம் உங்களோட கத்தியிருக்கிறன், அம்மா. சொன்னதைக் கவனிக்கிறேல்லை எண்டு."
"கத்தினால்தானே எனக்குக் கேக்கும்" எண்டா மலரக்கா.
அவர் சிரிக்கவும் ஏலாமல் அழவும் ஏலாமல் எழும்பிப்போய்த் தாயின்ர தோளில முகத்தை வைச்சார்.

அபிதான் முதல்ல தெளிஞ்சவள். ஃபோனை எடுத்துக் காட்டினாள். பிள்ளை அழுதால் லைட் மின்னுற மெசின் இருக்காம், தலையணைக்குக் கீழ வைச்சால் அதிருமாம்.
"அதிருமோ?"
"ஓம் மாமி."
"நித்திரையில எண்டாலும்?"
"ஓம். மாமி, நான் வேலைக்குத் திரும்பப் போகேக்க திங்களும் செவ்வாயும் உங்கட நாள். புதனும் வியாழனும் அம்மா."
மலரக்கா தட்டைப் பாத்தபடி புட்டைக் குழைச்சுக்கொண்டே இருந்தா. குழம்பு விடாமல் வெறும் புட்டை.

"வெள்ளிக்கிழமை?" எண்டு நான் கேட்டன்.
"வெள்ளி நீங்கள் இரண்டு பேரும் எங்கையாவது ஒப்பராவுக்குப் போங்கோ."

வீட்டுக்கு வந்து இவருக்கு இனிப்புப் பெட்டியைக் குடுத்தன். ஒண்டுதான் எண்டு சொல்லிக் குடுத்தது. இப்ப பெட்டியில மூண்டு குறையுது.

ஜூன் 28, சனி

ஈலிங்கில காது பரிசோதிக்கிற கடை. தர்சன் புக் பண்ணினது, ஆனா நான்தான் கூடப் போகவேணுமெண்டு மலரக்கா சொல்லிப்போட்டா. மாவட்டம் விட்டு மாவட்டம் போற மாதிரி இரண்டு ரெயில் மாறி, வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேந்தன்.

கண்ணாடி அறைக்குள்ள அவ, வெளியில நான். சத்தம் கேட்டால் பொத்தானை அமத்தவேணும். கனநேரம் அமத்தேல்லை. இடதுக்கு ஒண்டும் செய்ய ஏலாதாம், வலதுக்கு மெசின் நல்லா உதவும் எண்டா பரிசோதிச்ச பொம்பிளைப் பிள்ளை. போட்டுப் பாக்கக் காது மெசின் ஒண்டைக் கொழுவி விட்டா, பயறு அளவு.

மலரக்கா அப்பிடியே இருந்தா. கையை அசைச்சா, வளையல் சத்தத்துக்குத் திடுக்கிட்டா. ஏசியைப் பாத்தா. தெருவில ஒரு பஸ் போக, அதைப் பாத்தா. பிறகு என்னைப் பாத்தா, வாயை இல்லை, கண்ணை.

"ஏதாவது கதையுங்கோ" எண்டா.
"என்னத்தைக் கதைக்க? சாப்பிட்டிட்டோ வந்தனீங்கள்?"
"இதுவோ உங்கட குரல்?"
"ஓம். ஏன்?"
"இல்லை. கொஞ்சம் இனிமையா இருக்குமெண்டு நினைச்சனான்."

அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. நாங்கள் ஏன் கதிரையைப் பிடிச்சுக்கொண்டு இப்பிடிச் சிரிக்கிறம் எண்டு பயந்து தண்ணி கொண்டுவந்து தந்தா.