கிரகணத்துக்கு வெட்டிய எக்ஸ்ரே

1995 ஆகஸ்ட் 14, திங்கள்

இன்று அப்பாவின் நெஞ்சைத் தொலைபேசியில் அனுப்பினோம்.

கிள்ளானில் எங்கள் ஸ்கேன் சென்டருக்கு அரசாங்க மருத்துவமனையிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அங்கே ஒரு ஸ்கேனுக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். இங்கே எடுத்த படம் வேனில் திரும்பிப் போகும். ஃபெடரல் ஹைவே நெரிசலில் வேன் நிற்கும். அங்கே டாக்டரும் நோயாளியும் காத்திருப்பார்கள்.

அதற்காகத்தான் பாஸ் இந்தப் பெட்டியை வாங்கினார். ஃபிலிமை உள்ளே விட்டால் கம்ப்யூட்டரில் படமாகிறது. மோடம் அதைத் தொலைபேசி லைனில் மருத்துவமனைக்கு அனுப்புகிறது. சோதனைக்கு நோயாளிகளின் படம் வேண்டாம் என்றார். நான் அப்பாவின் பழைய எக்ஸ்ரேயைக் கொண்டுபோனேன். 92-இல், ரயில்வேயிலிருந்து ஓய்வு பெறும்போது எடுத்தது.

மறுமுனையில் காமாட்சி அக்கா. அந்த மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். வேறொரு போனில் என்னோடு பேசிக்கொண்டே இருந்தார்.

“கழுத்து வந்துருச்சு மேரி.”

பத்து நிமிடம்.

“தோள் வருது. உங்கப்பா நல்ல அகலம்லா.”

அப்போது எங்கள் ரிசப்ஷனில் யாரோ அதே லைனில் போனை எடுக்க, எல்லாம் அறுந்தது. மறுபடி கழுத்திலிருந்து. முப்பத்தெட்டு நிமிடம்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். முப்பது வருடம் சிக்னல் பார்த்தவர்; உடனே புரிந்துகொண்டார்.

“அப்ப அது சிங்கிள் லைன். ஒரு வண்டி உள்ள இருக்கும்போது இன்னொன்ன விடக் கூடாது. டோக்கன் யாருகிட்ட இருக்கு?”

“டோக்கன் எல்லாம் இல்லப்பா.”

“டோக்கன் இல்லாம எப்படிம்மா வண்டி விடறீங்க?”

வண்டி பத்திரமாகச் சேர்ந்ததும் அடுத்த ஸ்டேஷனிலிருந்து மணி வருமாம். மேசையில் தட்டிக் காட்டினார். இரண்டு. நிறுத்தி, ஒன்று.

ஆகஸ்ட் 17

அப்பா மைலோ டின் மூடிக்குச் சிவப்பு அடித்து, துளை போட்டு, கயிறு கட்டிக் கொடுத்திருக்கிறார். இதுதான் டோக்கனாம். படம் போகும்போது ரிசப்ஷன் போனில் மாட்ட வேண்டுமாம். மாட்டினேன். பாஸ் சிரித்தார். ஆனால் இன்று ஒரு படமும் அறுபடவில்லை.

செப்டம்பர் 30

டிஸ்கில் இடமில்லை. சோதனைப் படங்களை அழிக்கச் சொன்னார்கள். அழித்தேன். அப்பாவையும்.

அக்டோபர் 24, செவ்வாய்

சூரிய கிரகணம். வேலை. பார்க்கவில்லை.

வீடு திரும்பினால் அப்பா வாசலிலேயே நிற்கிறார். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவாட்டர்ஸ் முழுக்க அவர் தயவில் கிரகணம் பார்த்ததாம். ஆளுக்கொரு துண்டு ஃபிலிம். பதிலுக்குப் பக்கத்து வீட்டு வீரம்மா அக்கா மிச்சமிருந்த தீபாவளி முறுக்கெல்லாம் கொடுத்துவிட்டார்.

என்ன ஃபிலிம்?

அலமாரி மேலிருந்த பழுப்பு உறையைத் திறந்தேன். முதுகெலும்பு இருந்தது, இதயம் இருந்தது. இரு பக்கமும் இரண்டு ஓட்டை.

“கறுப்பா இருக்கற எடமாப் பாத்து வெட்டினேன். வெள்ளையில பாத்தா கண்ணு போயிரும்.”

காற்று இருக்கும் இடம்தான் எக்ஸ்ரேயில் கறுப்பு. நுரையீரலைச் சரியாக வெட்டிப் பங்கு போட்டிருக்கிறார்.

கறுப்பிலும் பார்க்கக் கூடாது, கண்ணுக்கு ஆகாது என்று திட்டினேன். “பாத்தாச்சே” என்றார். சிரித்துவிட்டேன். பழைய படம்தானே.

நவம்பர் 6, திங்கள்

அப்பாவுக்கு மூன்று வாரமாக இருமல். லூசி அண்ணி விடாமல் இழுத்துக்கொண்டு அரசாங்க மருத்துவமனைக்குப் போனார். நானும் போனேன். காமாட்சி அக்காதான் படம் எடுத்தார்.

வலப் பக்கம், மேலே, ஒரு புள்ளி. பட்டாணி அளவு.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். பழைய படத்திலும் இதே இடத்தில் இதே அளவில் இருந்தால் அது ஆறிப்போன தழும்பு, விட்டுவிடலாம். இல்லையென்றால் முதுகு வழியாக ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகு ஆபரேஷன் வரை போகலாம்.

“பழைய படம் இருக்கா அங்கிள்?”

அப்பா தரையைப் பார்த்தார். நானும்.

அடுத்த திங்கள் வரச் சொல்லியிருக்கிறார்.

நவம்பர் 7

வீடு வீடாகப் போனேன். வீரம்மா அக்காவின் துண்டு சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்தது. இன்னொன்று ஒரு பள்ளிப் பாடப் புத்தகத்துக்குள். இன்னொன்றில் யாரோ மீன் வரைந்திருந்தார்கள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இந்தக் குவாட்டர்ஸில் எதுதான் தெரியாது.

“மத்ததையும் தேடித் தரேன் மேரி, அழாத,” என்றார் வீரம்மா அக்கா. நான் அழவில்லையே. அழுதேனா?

நவம்பர் 8

எட்டுத் துண்டில் ஏழு. செலோ டேப்பால் ஒட்டி ஜன்னலில் பிடித்தேன். மீனோடு சேர்த்து அப்பா கிட்டத்தட்ட முழுசாக இருந்தார். இல்லாதது ஒன்றுதான். வலப் பக்கம், மேலே.

அது லோரி ஓட்டும் தம்புசாமி அண்ணனிடம். இரவு ஜொகூரிலிருந்து போன் செய்தார். “வெயிலுக்கு டேஷ்போர்டுல வச்சிருந்தேன்மா. எங்க பறந்துச்சுன்னே தெரியல. உங்கப்பாகிட்ட எப்படிச் சொல்றது?”

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அப்பா போனை வாங்கினார். “பரவால்ல தம்பு. ரோட்டப் பாத்து ஓட்டு.”

நவம்பர் 9

டிஸ்குகளை எல்லாம் போட்டுப் பார்த்தேன். இல்லை. நானே அழித்தது எப்படி இருக்கும்? மருத்துவமனையிலும் அப்போதே அழித்திருப்பார்கள். ஒரு படம் -- ஒரே ஒரு படத்துக்கு இடமில்லாமலா போய்விட்டது? சொன்னதைச் செய்தேன். எப்போதும் சொன்னதைச் செய்கிறவள்.

அப்பா ஊசிக்குச் சம்மதம் என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை.

நவம்பர் 10, வெள்ளி

நோயாளி ஒருவரின் ஸ்கேன் போய்க்கொண்டிருந்தது. போனில் சிவப்பு மூடி. காமாட்சி அக்கா காத்திருந்த நேரத்தில் அப்பாவைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். டாக்டர் பழைய படம் கேட்டது அவருக்குத் தெரியாதாம். வெட்டியது, ஒட்டியது, நான் அழித்தது, எல்லாம் சொன்னேன்.



“நீ அழிச்சா நான் ஏன் அழிக்கப் போறேன்?”

“அக்கா?”

“இந்த மெஷின்ல மொதல்ல வந்த படம் மேரி. கழுத்துலேருந்து ரெண்டு தடவை உக்காந்து பாத்திருக்கேன். தனியா ஒரு டிஸ்கட்ல போட்டு டிராவர்ல வச்சிருக்கேன். இருலா, எடுக்கறேன்.”

பதினோரு நிமிடம். ஸ்கேன் போய் முடிந்தது. மூடியைக் கழற்ற மறந்து அதைப் பிடித்தபடியே நின்றிருக்கிறேன்.

“இருக்கு. வலது, மேல. பட்டாணி.” பிறகு, “டாக்டர்தான் சொல்லணும். ஆனா இருக்கு.”

நவம்பர் 13

டிஸ்கட்டில் இருந்த படம் ஃபிலிம் அளவுக்குத் தெளிவில்லைதான் என்றார் டாக்டர். ஆனாலும் புதுப் படத்தைப் பக்கத்தில் வைத்து ஸ்கேலால் அளந்தார். இடம் அதே. அளவு அதே. ஊசி வேண்டாம். இருமலுக்கு மருந்து. ஆறு மாதம் கழித்து இன்னொரு படம்.

நான் ஒட்டிய படத்தையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். மீனைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

பஸ்ஸில் அப்பா: “டிஸ்கட் வச்சிருந்த அந்தப் பொண்ணுக்கு என்ன வாங்கிக் குடுக்கலாம்?”

நவம்பர் 15

இருமல் குறைந்திருக்கிறது.

1996 மே 15, புதன்

ஆறு மாதப் படத்தைக் கிள்ளானில், எங்களிடமே எடுத்தோம். அது போவதைப் பார்க்க வேண்டும் என்று அப்பா உட்கார்ந்துவிட்டார். போனில் சிவப்பு மூடியை அவரே மாட்டினார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார்.

புது மோடம். பத்தொன்பது நிமிடம்.

டாக்டர் பக்கத்தில்தான் நிற்கிறார் என்று சொல்லிவிட்டு, காமாட்சி அக்கா போனை அப்பாவிடம் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். கேட்டார். சரிம்மா என்றார். சரிம்மா.

போனை வைத்தார். கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். அடுத்த ஸ்டேஷன் மணிபோல மேசையில் இரண்டு தட்டினார். நிறுத்தி, ஒன்று.