உன் காலை நான் பார்க்கவில்லை

வெட்கக்கேட்டைக் கேள். நேற்று என் மனைவி மாங்காயை நறுக்கி வைத்துவிட்டு, ஊறுகாய்க்கு எவ்வளவு உப்பு என்று போனில் பார்க்கச் சொன்னாள். ‘உப்பு’ என்று அடித்ததுதான் தாமதம், மீதியைப் போனே எழுதிக்கொண்டது: ‘உப்பளத்தில் வேலை செய்தவர் கால் தீயில் எரியுமா?’

எட்டிப் பார்த்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “ஏங்க, ஊறுகாய்க்குத்தானே கேட்டேன்?”

உன் சிதைக்கு எதிரே நின்று நான் தேடியது அது. போனுக்கு மறதி கிடையாது.

நீதான் ஆரம்பித்தாய். உப்பள வரப்பில் உட்கார்ந்து, வெடித்த பாதத்தைத் தட்டிக் காட்டி, “இது வேகாதுடா. எங்கப்பனை எரிச்ச மறுநாள் பால் தெளிக்கப் போனேன். உடம்பு பூரா சாம்பல். ரெண்டு பாதம் மட்டும் செருப்பு கழட்டி வெச்ச மாதிரி அப்படியே இருக்குது” என்றாய். கிளியனூரில் செல்போன் கடை வைத்திருப்பவன் சும்மா இருப்பேனா? அங்கேயே தேடினேன். ஒருவர் உண்மை என்றார், ஒருவர் புரளி என்றார், மூன்றாமவர் பித்தவெடிப்புக்குக் களிம்பு விற்றார்.

“அந்தக் களிம்புக்காரன் எங்கப்பனைப் பார்த்தானாடா? நான் பார்த்தேன். என் முறை வரும்போது நீ கிட்ட நின்னு பாரு. கண்ணால பார்த்துட்டு நம்பு.” சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஆனால் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாய்.

கால்மாட்டில்தான் நின்றேன். வறட்டி சரிந்து உன் பாதம் தெரியப்போகிறது என்று தோன்றிய நொடியில், குனிந்து போனைப் பார்த்தேன். அதே களிம்பு. நிமிர்ந்தபோது எல்லோரும் கிளம்பியிருந்தார்கள். “ஏம்பா, திரும்பிப் பார்க்காம நட” என்றார் உன் சித்தப்பா. என் ஆயுசில் நான் ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒரே சாஸ்திரம் அதுதான். மறுநாள் பால் தெளிக்க உன் மகன் கூப்பிட்டான். காய்ச்சல் என்றேன்.

இப்போது மரக்காணம் வழியாகப் பஸ்ஸில் போனால், உப்புக் குவியல்கள் எனக்கு இரண்டிரண்டாகத்தான் தெரிகின்றன. கண்ணை மூடிக்கொள்கிறேன்; உள்ளங்கால் எரிகிறது. உன் மகனைக் கேட்டால் ஒரே வார்த்தையில் தீர்ந்துவிடும். கேட்கவில்லை. நான் பார்த்திருக்க வேண்டியதை அவன் சொல்லக் கேட்டால், அதுவும் போனில் படித்த கதை மாதிரிதானே? அதனால் என் நினைவில் இன்னும் நிற்கிறாய், முழங்காலுக்குக் கீழே ஒன்றும் தெரியாமல்.

இன்று காலை ஊறுகாய் கொடுக்க உன் வீட்டுக்குப் போனேன். பேச்சுவாக்கில், உன் அப்பாவை எரித்த மறுநாள் நீ கண்டதை உன் மனைவியிடம் எடுத்தேன். பாட்டிலைத் திறந்து முகர்ந்தபடியே அவள் சொன்னாள்:

“யாரு, மாமாவையா? அவரை எரிக்கலையேண்ணா. புதைச்சாங்க.”