மூன்று மூலைக் குழையல்

மிதுக்குட்டி,

அம்மா வெள்ளன வேலைக்குப் போறன். உன்னை எழுப்ப மனம் வரேல்லை.

ராத்திரி நான் கத்தினது பிழைதான். மேல் வீட்டு ஹருகாவுக்கு அவவின்ர அம்மா சோத்தை வடிவா முக்கோணமாப் பிடிச்சுக் கட்டிக் குடுக்கிறா, நீங்கள் சோறு கறி குழைச்ச குழையல் உருண்டைதான் தாறியள் எண்டு நீ சொல்ல, எனக்குக் கோபம் வந்திட்டுது.

அவையின்ர ஜப்பானில பிள்ளையளுக்கு அப்பிடித்தானாம். விடிய நானும் பிடிச்சுப் பாத்தன். எங்கட பசுமதிச் சோறு ஒட்டுதில்லை, மூலையெல்லாம் உதிருது. கடைசியில பருப்பும் கிழங்குக் கறியும் விட்டுக் குழைச்சுப் பிடிக்க நிண்டிட்டுது. இப்ப அது மூண்டு மூலைக் குழையல்.

பிறிட்ஜில நீலப் பெட்டி உனக்கு. மஞ்சள் ஹருகாவுக்கு, அதில உறைப்புக் குறைவு. கதவு பூட்டுற திறப்பை மறக்காதை. வீட்டை வந்த உடன அப்பாவுக்கு மெசேஜ் போடு.

அம்மா

பி.கு. இப்பதான் குப்பை போடப் போகேக்கை படியில ஹருகாவின்ர அம்மாவைக் கண்டன். உன்னட்ட வாங்கிச் சாப்பிட்ட நாளில இருந்து ஹருகாவுக்கு முக்கோணம் வேண்டாமாம், உருண்டைதான் வேணுமாம். எப்பிடிச் செய்யிறது எண்டு கேட்டா. ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறன். நான் குழைக்கிறன், என்ர அரைகுறை டேனிஷ் காணாது, நீதான் பக்கத்தில நிண்டு அவவுக்கு டேனிஷில சொல்லிக் குடுக்கவேணும்.