உட்காரவிடாத கணினி

மார்ச் 4, செவ்வாய்

நேற்று மின்சாரம் போய் வந்ததிலிருந்து அவருடைய கணினி உள்ளே விட மறுக்கிறது. அவர் தவறிப்போனதிலிருந்து அது ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. யாரோ திரையை மட்டும் அணைத்திருக்கிறார்கள். மேசைக்கடியில் கிடந்த பெட்டியை யார் பார்த்தார்கள்? மின்சாரம் திரும்பியதும் தானாக எழுந்து ‘பீப்’ என்றபோதுதான் எனக்கே தெரிந்தது.

பதிப்பகத்துக்காரர் மூன்றாவது முறையாகப் போன் செய்துவிட்டார். என் கணவர் புரூஃப் திருத்திக்கொண்டிருந்த புத்தகத்தின் கடைசி நாற்பது பக்கம் இதற்குள்தான் இருக்கிறது. “அவசரமில்லைங்க” என்று சொல்லிச் சொல்லியே அவசரப்படுத்துகிறார்.

கடவுச்சொல் இழுப்பறையில் ஒட்டியிருக்கிறது. பூட்டின் மேலேயே சாவியைத் தொங்கவிடுகிற மனிதர். அடித்தேன். அவர் வைத்திருந்த மலைப் படம் ஒரு நொடி வந்தது. பிறகு கறுப்பு. பிறகு மறுபடியும் கடவுச்சொல் கேட்டது. பதினோரு முறை இதே கதை. எனக்குக் கோபம்கூட வரவில்லை.

மார்ச் 5, புதன்

நாத்தனாருக்குப் போன் செய்தேன். ஓர் அலுவலகத்தில் நூறு கணினிகளைக் கட்டி மேய்க்கிறவள். வேண்டுமென்றே தப்பான கடவுச்சொல்லை அடித்துப் பார்க்கச் சொன்னாள். ‘தவறு’ என்று வந்தது. சரியானதை அடித்தால் கறுப்பு.

“அப்ப பாஸ்வேர்டு சரிதான் அண்ணி. ஆளை உள்ள விடுது, உட்கார விடாம திருப்பி அனுப்பிடுது.”

சிரித்தாள். நானும் சிரிக்க வேண்டிய இடம்தான். “ம்” என்றேன். சனிக்கிழமை நேரில் வருகிறாளாம்.

இதற்கு முன் அவள் என்னிடம் நேராகக் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். அவர் போன அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து: “அண்ணன் உங்களைக் கூப்பிடவே இல்லையா?”

இல்லை என்றேன். நான் பின்பக்கம் துணி போட்டுக்கொண்டிருந்தேன். வாஷிங் மெஷின் சத்தம். போய்ப் பார்த்தபோது அவர் நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். கூப்பிட்டாரா — எனக்குத் தெரியாது. தெரியாது என்பதைத்தான் இல்லை என்று சொன்னேன்.

மார்ச் 6, வியாழன்

இன்றும் கையால்தான் துவைத்தேன். விரல் முட்டிகள் உரிந்துவிட்டன. எரிகிறது என்று தெரிகிறது, அவ்வளவுதான்.

மார்ச் 8, சனி

நாத்தனார் வந்தாள். படம் எதுவும் இல்லாமல் வெறும் எழுத்தாகவே உள்ளே போகிற ஒரு வழி இருக்கிறதாம். கறுப்புத் திரையில் ஏதேதோ அடித்தாள். கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

“டிஸ்க் ரொம்பிப் போச்சு அண்ணி. எள்ளு போட இடமில்ல. உள்ள வர்றப்ப அது சின்னதா ஏதோ எழுதணும், எழுத இடமில்லாம விழுந்துடுது. எல்லாத்தையும் ஒரே ஃபைல் அடைச்சிருக்கு. அழிச்சிடவா?”

என்ன ஃபைல் என்று கேட்டேன். அவள் கை விசைப்பலகையை விட்டு மடிக்குப் போனது.

“ரெக்கார்டிங். பிப்ரவரி பத்து, காலையில ஒன்பதரைக்கு ஆரம்பிச்சிருக்கு.”

அவர் வேலை செய்கிற விதம் அது. ஒவ்வொரு பக்கத்தையும் புள்ளி, காற்புள்ளியோடு உரக்கப் படித்துப் பதிவு செய்வார். பிறகு அதைக் கேட்டுக்கொண்டே கண்ணால் ஒப்பிடுவார். கண் ஏமாற்றும், காது ஏமாற்றாது என்பார். அன்றைக்கும் பதிவைப் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார். நிறுத்த ஆள் இல்லை. டிஸ்க் நிரம்பும்வரை பத்தொன்பது நாள் இந்த வீடு அதற்குள் ஏறியிருக்கிறது.

வெளியே செருகுகிற ஒரு சின்னப் பெட்டிக்கு அதை மாற்றினாள். அண்ணன் குரல் வேண்டும் என்று தனக்கும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டாள். இங்கிருந்ததை அழித்ததும் மலைப் படம் வந்தது, வந்து நின்றது. நாற்பது பக்கமும் பதிப்பகத்துக்குப் போய்விட்டது.

மார்ச் 9, ஞாயிறு

மாலையில் நாத்தனார் போன். சாப்பிட்டீர்களா என்றாள். இருபது வருடத்தில் அவளாக, காரணம் இல்லாமல், போன் செய்வது இதுதான் முதல் முறை.

மார்ச் 10, திங்கள்

மறுபடியும் போன். மறுபடியும் சாப்பிட்டீர்களா.

மார்ச் 12, புதன்

கேட்டேன்.

பதிவில் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். நன்றாகத்தான் படிக்கிறார். ஒரு வாக்கியத்தின் நடுவில் நிறுத்துகிறார். செருமுகிறார். “இந்தாம்மா” என்கிறார். உரக்கவும் இல்லை, பயந்தும் இல்லை. மூக்குக் கண்ணாடியை எடுத்துத் தரச் சொல்கிற குரல்.

பின்னால் வாஷிங் மெஷின் ஓடுகிறது. அதற்கும் மேலே என் குரல். “கை ஈரமா இருக்கு, இதோ வர்றேன்.”

நான் பதில் சொல்லியிருக்கிறேன். அது என் ஞாபகத்திலேயே இல்லை. எப்படி இல்லாமல் போகும்?

அவர் தனக்குத்தானே சொல்கிற மாதிரி, “மெதுவா வா.”

அதற்கப்புறம் பதினான்கு நிமிடம் மெஷின் சத்தம் மட்டும்தான். பிறகு என் செருப்புச் சத்தம் வருகிறது. அங்கே நிறுத்திவிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

இன்று நானே போன் செய்தேன். சுற்றி வளைக்கவில்லை. கூப்பிட்டாரு, வர்றேன்னு சொன்னேன், போகல, உன்கிட்ட இல்லைன்னு சொல்லிட்டேன் — ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவள் சொன்னாள்:

“ஞாயித்துக்கிழமையே கேட்டுட்டேன் அண்ணி.”

ஞாயிற்றுக்கிழமை. அதற்கப்புறம்தான் தினமும் சாப்பிட்டீர்களா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மார்ச் 16, ஞாயிறு

நாத்தனார் வந்தாள். என் விரல்களைப் பார்த்தாள். குளியலறையில் குவிந்து கிடந்த துணியை அள்ளிக்கொண்டு போய் வாஷிங் மெஷினில் போட்டு ஓடவிட்டாள். இரண்டு முக்காலிகளை எடுத்துவந்து பக்கத்தில் போட்டாள். அது முடிகிறவரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். பாதியில் நான் அழுதேன். முடிந்ததும் ஆளுக்கொரு நுனியைப் பிடித்துப் போர்வையை உதறிக் காயப்போட்டோம்.