மண்டப வாசலிலிருந்து நாட்டுக்கல் வரை

மார்கழி 8, சனி

பனி விலக ஏழரை ஆயிற்று. கோலம் போட்டு விரல் மரத்துவிட்டது.

கார்த்தி, நந்தினி கல்யாணப் பத்திரிகை வந்தது. ஆயிரம். இனி ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் தடவ வேண்டும். நான் சொன்னபடியே போட்டிருக்கிறார்கள்: தை 13 மாலை, மாரியம்மன் கோவிலிலிருந்து மாப்பிள்ளை குதிரை மேல் வருகை. பேரனைக் கேட்டுவிட்டுப் போடவில்லை. இதில் கேட்க என்ன இருக்கிறது. அவன் தாத்தா என்னைக் கட்ட அப்படித்தான் வந்தார். என் மகன் அம்பாசிடர் காரில் போய் இறங்கினான். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

கார்த்தி படித்துப் பார்த்தான். திருப்பி அடுக்கிலேயே வைத்தான். பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான்.

வாங்க: மஞ்சள் தூள், ரப்பர் பேண்டு.

மார்கழி 10, திங்கள்

வெயில். தாராபுரத்திலிருந்து குதிரைக்காரர் காசிம் பாய் வந்தார். வெள்ளைக் குதிரை. சாது. கம்பெனிக்குப் பின்னால் காலி இடத்தில் ஒத்திகை.

ஏறும்போது நன்றாகத்தான் ஏறினான். பத்து அடி போவதற்குள் முன்னால் சாய்ந்து குதிரையின் பிடரியைப் பிடித்துக்கொண்டான். அப்புறம் ஒரு பக்கமாகச் சரிந்து, மண்ணில். குதிரை நின்று அவனையே பார்த்தது. எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. முகம் வெளுத்துவிட்டது. துணி மூட்டை இறக்க வந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

காசிம் பாய் சொன்னது: "தைரியம் இருக்குதுங்கம்மா. வயித்துலதான் பிடி இல்லீங்க. கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து உக்காந்து நடு ஒடம்பு பஞ்சாப் போச்சு. குதிரை மேல உக்கார்றது காலுல இல்லீங்க, வயித்துலயும் இடுப்புலயும்."

பருத்திப் பாலுக்குச் சொல்லி வைத்திருந்தேன். யாரும் குடிக்கவில்லை.

மார்கழி 12, புதன்

எலும்பு டாக்டர். கார்த்தியும் அவன் அம்மா சுமதியும் உள்ளே போனார்கள். நான் வெளியே பெஞ்சில். ஒரு மணி நேரம். மின்விசிறி என் தலைக்கு மேல் மட்டும் ஓடவில்லை.

வந்து சொன்னது: ஒன்றுமில்லை, பலம் பத்தவில்லை, பயிற்சி செய்தால் சரியாகும். பயிற்சி சொல்லித் தரும் பெண் ஒரு தாள் கொடுத்திருக்கிறாள். படம் போட்டது. மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்குவது. குப்புற, முழங்கையை ஊன்றி, பலகை மாதிரி அசையாமல் நிற்பது. மாடு மாதிரி நாலு காலில் நின்று ஒரு கையையும் எதிர்க் காலையும் நீட்டுவது. காலையும் மாலையும்.

இந்த வயதில் அவன் தாத்தா கிணற்றில் மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்தார். தாள் எதுவும் கொடுக்கவில்லை யாரும்.

மார்கழி 15, சனி

மேகம். மொட்டை மாடியில் பாய் விரித்துக் கார்த்தி பலகை நிற்கிறான். எண்ணுவது நான். வாயால், ஒன்று, ரெண்டு என்று. பதினெட்டில் விழுந்தான். மறுபடி இருபத்தொன்று. வயிறு நடுங்குவது பனியனுக்கு மேலேயே தெரிகிறது.

மெதுவாக எண்ணுகிறேன் என்று அவனுக்குச் சந்தேகம். உண்மைதான்.

மாடிப்படி ஏறி இறங்கி எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது. மூன்று நாளாகத் துவைத்த துணி மடிக்கவில்லை. நானூறு பத்திரிகைக்கு மஞ்சள் தடவியாயிற்று.

மார்கழி 21, வெள்ளி

காசிம் பாய் ஒரு பழைய சேணத்தைக் கொடுத்துவிட்டிருக்கிறார். குடோனில் துணிக்கட்டு ரெண்டை ஒன்றின் மேல் ஒன்று போட்டு, அதன் மேல் சேணம். கார்த்தி கையை விட்டுவிட்டு அதில் உட்கார வேண்டும். ரெண்டு பேர் கட்டைப் பிடித்து ஆட்டுவார்கள். சாயக் கூடாது.

துணி செக்கிங்கில் வேலை செய்யும் தூத்துக்குடிப் பெண்கள் ஜன்னலில். ஒருத்தி: "எண்ணே, குதிரைக்குத் தண்ணி காட்டியாச்சா?" இன்னொருத்தி: "கட்டு சாயப்பட்டறைக்குப் போகணும்ணே, சீக்கிரம் எறங்குங்க." கார்த்தியே சிரித்துவிட்டான். சிரித்ததில் விழுந்தான்.

கொமரலிங்கத்திலிருந்து என் கொழுந்தியாள் போன். வீட்டுக்காரரின் தங்கை. அண்ணியை நங்கையா என்பது எங்கள் வழக்கம். குதிரை நெசந்தானுங்களா நங்கையா என்று மூன்று தடவை கேட்டாள். நெசந்தான் என்று மூன்று தடவையும் சொன்னேன்.

பலகை: நாற்பத்தைந்து.

மார்கழி 27, வியாழன்

குளிர். ஷிப்மெண்ட் என்று கார்த்தி ரெண்டு நாள் கம்பெனியிலேயே கிடந்தான். வந்ததும் மாடிக்குப் போனான். எழுபது. நியாயமாகவே எண்ணினேன்.

அப்புறம் அவனுக்குக் காபி எடுத்துப் போனேன். அறைக்குள் சுமதி முதுகுக்குத் தைலம் தேய்க்கிறாள். முடியாது என்று சொல்லிவிடு என்கிறாள். அவன் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"எப்படிம்மா சொல்றது. ஆயிரம் பத்திரிகைல போட்டுட்டாங்க. டிஸ்க் வெலகியிருக்குது, பத்து நிமிசத்துக்கு மேல உக்காரக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. கோயில்ல இருந்து முக்கா மணி நேரம் ஆகும். நந்தினிகிட்டச் சொல்லீட்டேன். அவங்கப்பா காதுக்குப் போனா மாப்பிள்ளைக்கு இடுப்பே இல்லீன்னு ஊரெல்லாம் பேச்சாயிரும். மாத்திரையப் போட்டுட்டு ஏறீர்றேன். அப்பாயிக்கு இருக்கறது இந்த ஒரு ஆசைதான்."

கதவுக்கு இந்தப் பக்கம் அந்த அப்பாயி, நான். காபி ஆறிவிட்டது. நானே குடித்தேன்.

மார்கழி 28, வெள்ளி

அறையைச் சாத்திக்கொண்டு பாயில் மல்லாந்து படுத்தேன். தாளில் உள்ள முதல் படம். முட்டியை மடக்கினேன். இடுப்பு ஒரு விரல்கூட எழவில்லை. மூன்று தடவை. பிறகு பாயிலிருந்து எழுந்திருக்கவே கட்டில் காலைப் பிடிக்க வேண்டியிருந்தது.

இதை அந்தப் பையன் காலையும் மாலையும் செய்கிறான். டிஸ்க் விலகிய முதுகோடு. நான் மெதுவாக எண்ணினேன்.

சாப்பாடு இறங்கவில்லை. ரசம் மட்டும்.

தை 2, செவ்வாய்

மாட்டுப் பொங்கல். மாடு இல்லாத வீட்டில் கம்பெனி வேனுக்குச் சந்தனம் வைத்தார்கள்.

சம்பந்திக்கு, நந்தினியின் அப்பாவுக்கு, நானே போன் போட்டேன். பக்கத்தில் யாரும் இல்லை. எனக்கு முட்டி சுத்தமாக முடியவில்லை, கோவிலிலிருந்து நடக்க ஆகாது, மண்டப வாசலில் குதிரை ஏறி உள்ளே நட்டிருக்கும் நாட்டுக்கல் வரைக்கும், எண்பது அடி, வந்தால் போதும் என்றேன். தாலி கட்டுமுன் அந்தக் கல்லை மாப்பிள்ளை கும்பிடுவதுதானே சீர். நீங்க கார்ல வந்துருங்க, மாப்பிள்ளை குதிரைல வரட்டுமுங்க என்றார். இதை நான் யோசிக்கவில்லை.

"பேரன் குதிரைல வர்றப்ப நான் பக்கத்துல நடந்துதானுங்க வருவேன். என்னால எவ்வளவு நடக்க முடியுமோ அவ்வளவு தூரம் வெச்சுக்கலாமுங்க."

சிரித்தார். சரியென்றார்.

முட்டி வலி, இடுப்பு வலி என்று இந்த அறுபத்தாறு வயது வரைக்கும் ஒருவரிடமும் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. முட்டி வலிக்கவும் இல்லை.

கார்த்தியிடம் இதையே சொன்னேன். என் முகத்தையே பார்த்தான். எப்ப இருந்து அப்பாயி முட்டி வலி என்றான். ரொம்ப நாளாக என்றேன். பயிற்சியை விட்டுவிடாதே, எண்பது அடியும் அடிதான் என்றேன்.

தை 9, செவ்வாய்

மறுபடி குதிரை. காசிம் பாய்க்கு எண்பது அடி என்றதும் சிரிப்புத் தாங்கவில்லை. "இதுக்குக் குதிரை எதுக்குங்கம்மா, தம்பியத் தூக்கியே விட்டர்லாமுங்க." ஆனால் கார்த்தி ஏறியதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். போய் வந்தான். கை தொடைமேல். பிடரியைத் தொடவில்லை. இறங்கும்போதுதான் பல்லைக் கடித்தான்.

பலகை: நூற்றுப் பத்து.

தை 14, ஞாயிறு

முகூர்த்தம் முடிந்தது. மதியப் பந்தி ஓடுகிறது. மணமகள் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கண் எரிகிறது.

நேற்று மாலை. மண்டப வாசலில் கூட்டம். பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்கள், கோவிலிலிருந்து என்று போட்டிருக்கிறதே என்று. எனக்கு முட்டி என்றேன். திரும்பத் திரும்ப. ஐம்பது பேருக்காவது சொல்லியிருப்பேன். கொழுந்தியாள் எல்லார் முன்னாலும்: "எண்பது அடிக்குக் குதிரைங்களா நங்கையா? எங்கூட்டு ஆடு இதவிடத் தூரம் மேயப் போகுமுங்க." சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அதோடு விடவில்லை. முட்டி வலிக்கிறவங்க நிக்கலாமா என்று சம்பந்தி நாற்காலி போடச் சொன்னார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. கொழுந்தியாளே கையைப் பிடித்து உட்கார வைத்தாள். முன்னால் எல்லாரும் நின்றுவிட்டார்கள். முதுகும் ஜடையும் பூவும்தான் எனக்கு. பக்கத்தில் நடப்பேன் என்று சொன்னவள் நான். எழுந்தால் முட்டி சரியாகிவிட்டதா என்பார்கள். உட்கார்ந்திருந்தேன்.

மேளம் மாறியது. ஏறிவிட்டான் என்று யாரோ சொன்னார்கள். தலைகளுக்கு மேலே அவன் தலைப்பாகை மட்டும் தெரிந்தது. பட்டு. வாசலிலிருந்து கல் இருக்கும் இடம் வரைக்கும் போனது. முன்னால் சாயவில்லை. பக்கத்தில் சரியவில்லை. அப்புறம் கீழே இறங்கி மறைந்தது.

பலகைக்கு எண்ணுவதுபோல் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நூற்று நாற்பது.