கத்தரிக்குத் தப்பியது

ஹோமா பே,
பிப்ரவரி மாதம்.

அன்புள்ள ஓகோலாவின் அப்பாவுக்கு,

அபோண்டி எழுதுகிறேன். நானும் மகனும் சுகம். துறைமுகத்தில் மூட்டை தூக்கித் தூக்கி வந்த தோள்வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "நல்லாருக்கேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாதல்லவா?

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கிருமி திரும்பி வந்துவிட்டது.

உடம்புக்குள் ஒளிந்திருக்கும் எச்.ஐ.வி. கிருமியை இந்தப் புது ஊசி மருந்து கத்தரி போல வெட்டிப்போடும் என்று நர்ஸ் அகேயோ சொல்லித்தான் போட்டுக்கொண்டேன். பிறகு நான் தினமும் விழுங்கும் மாத்திரையை நிறுத்திப் பார்த்தார்கள். ஒவ்வொரு சோதனையிலும் இல்லை, இல்லை என்றே வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் வழக்கப்படி புது மனை போட நீங்கள் சேவலோடு முன்னால் நடக்க, மகன் கோடரி எடுத்து வர, நான் நெருப்புச் சட்டியோடு பின்னால் வர, எத்தனை முறை மனத்துக்குள் நடந்து பார்த்தேன் தெரியுமா!

அப்புறம் ஒரு சோதனையில் இருந்தது. அழுதுகொண்டே ஏன் என்று கேட்டேன். "கிருமில வெட்டுப்பட்ட எடத்த நம்ம ஒடம்பே தச்சு மூடிருது, அபோண்டி. தைக்கிறப்ப கொஞ்சம் மாறிப்போச்சுன்னா, அடுத்த தடவ கத்தரிக்கு அந்த எடமே அடையாளம் தெரியாது" என்றார் அகேயோ. "பாவி ஒடம்பு, யாருக்குத் தையல் போடுதுன்னு பாரு!" என்றேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நல்லவேளை, மாத்திரைக்குக் கிருமி தப்பவில்லை. மறுபடி விழுங்குகிறேன். சோதனையில் தெரியாத அளவுக்கு அடங்கிவிட்டது.

ஏரிக்கரையில் மீன் காயவைக்கப் போனால் பெண்கள் வாய் சும்மா இருப்பதில்லை. "ஒம் பையனுக்கு மீச மொளச்சிருச்சு, இன்னும் மாமனார் வளவுலயே கெடக்கிறியே! அப்பனுக்குன்னு தனி மனை இல்லாம அவன் குடிசைய எங்க போடுவான்?" என்கிறார்கள். சுவரை நானே எழுப்பிவிடுவேன். ஆனால் முதல் ராத்திரி நீங்களும் நானும் ஒரே பாயில் படுக்காமல் அது மனையாகாதே.

நீங்கள் கெட்டவர் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. வீட்டுச் செலவுக்கோ மகன் படிப்புக்கோ குறை வைக்கவில்லை. ஆனால் போன முறை வந்தபோது உங்கள் தம்பி ஓவினோவின் குடிசையில் படுத்துக்கொண்டீர்கள். "நோய் போகட்டும், அப்புறம் மனை போடலாம்" என்றீர்கள்.

மாத்திரை ஒழுங்காக எடுத்து, கிருமி இப்படி அடங்கியிருக்கும்வரை என்னிடமிருந்து உங்களுக்கு வராது என்கிறார் டாக்டர். இதையேதான் ஊசிக்கு முன்பும் உங்களை உட்காரவைத்துச் சொன்னார். தலையாட்டினீர்கள், மறுநாள் மொம்பாசா பஸ் ஏறினீர்கள். அந்த ஊசியை நான் என் நோய்க்காகப் போட்டுக்கொள்ளவில்லை. உங்கள் பயத்துக்காகப் போட்டுக்கொண்டேன்.

நோய் போகும் என்று இனிக் காத்திருக்காதீர்கள். பயம் போகட்டும் என்றும் காத்திருக்க வேண்டாம், பயத்தோடேயே வாருங்கள். நீங்கள் மூச்சு விடுவதைப் பக்கத்தில் கேட்டபடி தூங்க வேண்டும் எனக்கு. வரப்போவதில்லை என்றால் அதை உங்கள் கையாலேயே எழுதுங்கள். தம்பியிடம் சொல்லியனுப்ப வேண்டாம்.

கடவுள் உங்களைக் காக்கட்டும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காராதீர்கள், மலைப்பாதைக் குளிர் உங்கள் மார்புக்கு ஆகாது.

இன்னும் உங்கள்,
அபோண்டி